நேற்று வேலைக்குச் சேர்ந்த மெக்கானிக்

அக்கா இரண்டாவது தடவை ஃபெயிலானதற்கு நான்தான் காரணம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே ஒப்புக்கொள்வது மேல்.

எங்கள் இருவருக்கும் வேலை லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில். புகார் மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்போம். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எங்கள் மேசையில் மணி அடிக்கும். எந்தக் கட்டடம், எத்தனை பேர், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டுச் சீட்டு எழுதி, பக்கத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறாரோ அவரை அனுப்ப வேண்டும். அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவர்களைப் பேச்சிலேயே பிடித்துவைத்திருக்க வேண்டும். அக்கா பதினோரு வருடமாக இதைச் செய்கிறாள். மெக்கானிக்குகள் அவளை 'கன்ட்ரோல்' என்றுதான் கூப்பிடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பெயர்தான். ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் உள்ளேயே அடித்துக்கொள்ளப் போய்விட்டார்கள், யார் எந்தப் பட்டனை அழுத்தியது என்று. அக்கா ஆளுக்கொரு மூலையில் நிற்கச் சொல்லி, ஒன்றிலிருந்து நூறு வரை மாற்றி மாற்றி எண்ண வைத்தாள். அறுபத்து நாலு எண்ணும்போது கதவு திறந்தது. நூறு முடியாமல் வெளியே வர மாட்டோம் என்றார்களாம் இருவரும்.

இப்படிப்பட்டவள், பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட மெஷின் ரூமுக்குள் கால் வைத்ததில்லை. கட்டடத்தின் உச்சியில், மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருக்கிற அறை அது. டிப்ளமா இல்லாதவர் உள்ளே போகக் கூடாது என்பது கம்பெனி விதி. களத்துக்குப் போகிற சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் அக்கா நேராக மேனேஜரிடம் போய்க் கேட்டாள்.

"டிப்ளமா கொண்டாங்க. அந்த வேலை உங்களுக்குத்தான்" என்றார் அவர். எப்படியும் முடியாது என்ற தைரியத்தில்தான் சொல்லியிருப்பார் என்பது என் கணிப்பு. மனுஷனுக்கு எங்கள் அக்காவைத் தெரியவில்லை.

முப்பத்தேழு வயதில் பாலிடெக்னிக்கில் பகுதிநேர மாணவியாகச் சேர்ந்தாள். வாரத்தில் மூன்று நாள் காலை வகுப்பு, அப்புறம் எங்கள் மேசையில் மதிய ஷிஃப்ட். வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் அவளை முதலில் ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்களாம். நான்கு வருடத்தில் எல்லாப் பாடத்தையும் தேற்றிவிட்டாள், ஒன்றே ஒன்றைத் தவிர. கட்டுப்பாட்டுச் சுற்றுகள். அதில் ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுத்து, வாய்மொழித் தேர்விலும் தேற வேண்டும். மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் கோட்டைவிட்டால் பதிவு ரத்தாகிவிடும், நான்கு வருடப் படிப்பும் அதோடு போச்சு.

முதல் தடவை, தானே எழுதிக் கொடுத்துத் தோற்றாள். வரைபடத்தைப் பார்த்தாலே அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிடும். இரண்டாவது தடவைதான் அந்த ஏஐ வந்தது.

கல்லூரியிலேயே பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா செல்போனில் அதைத் திறந்து, எங்கள் அலுவலக வழக்கப்படி ஒரு வரி தட்டினாள்: "கதவு மூடலை. ஏன்?"

அது மரக்கதவுகளைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதியது. மழைக்காலத்தில் மரம் ஊதும், கீலுக்கு எண்ணெய் போட்டுப் பாருங்கள், இழைப்புளி வைத்து ஓரத்தைச் சீவுங்கள். அக்கா அதை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். நான் சிரித்த சிரிப்பில் காதிலிருந்த ஹெட்செட் கழன்று விழுந்தது.

"உனக்குக் கேக்கத் தெரியலக்கா. தள்ளு" என்று செல்போனைப் பிடுங்கினேன். "லிஃப்டின் பாதுகாப்புச் சுற்று பற்றி இருபது பக்கத்தில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக் கொடு" என்று அடித்தேன். அது கண்மூடித் திறப்பதற்குள் எழுதிக் கொடுத்தது. தலைப்பு, உட்தலைப்பு, முடிவுரை எல்லாம் கன கச்சிதம். "பாத்தியா, இவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய் ரெண்டு வருஷமா முட்டிக்கிட்டிருக்கே" என்று வேறு சொன்னேன்.

அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாரம் மாமாவுக்குக் காய்ச்சல், எங்கள் மேசையில் இரண்டு பேர் லீவு, கடைசித் தேதி கழுத்தில் உட்கார்ந்திருந்தது. கொடுத்துவிட்டாள். மாமா என்றால் அவள் கணவர், பள்ளி வேன் ஓட்டுகிறவர்; நானும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஏழாம் பக்கத்தைத் திறந்து, ஒரு வரியின்மேல் விரலை வைத்து, "இதை விளக்குங்க" என்றாராம். அக்கா அந்த வரியைப் பார்த்தாள். அந்த வரி அக்காவைப் பார்த்தது. அவ்வளவுதான் நடந்தது. லிஃப்டுக்குள் அடித்துக்கொள்கிறவர்களையே ஒரே குரலில் அடக்குகிறவளுக்கு வாயில் வார்த்தை வரவில்லை. ஐந்து நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. துவைத்த துணியை மடித்து அடுக்கிக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் நானும் இரண்டு பேசி, அழுது, அன்றைக்கே ஆறிப்போயிருக்கும். அவள் திட்டாததால் எனக்கு ஒரு மாதம் சோறு இறங்கவில்லை.

"விட்டுடுக்கா. இந்த மேசையே போதும்" என்றேன் ஒருநாள்.

"உனக்குப் போதும். எனக்குப் போதல" என்றாள். அதில் கோபம்கூட இல்லை.

இதற்கிடையில் கல்லூரி ஒரு புது விதி போட்டது. ஏஐயிடம் என்ன கேட்டீர்கள், அது என்ன சொன்னது என்ற முழு உரையாடலையும் ரிப்போர்ட்டின் பின்னால் இணைக்க வேண்டும். எங்களைப் போல இன்னும் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள் என்று இதிலிருந்து தெரிந்துகொண்டேன். அக்காவுக்கு அது ஆறுதலாக இல்லை. இன்னும் ஒரே வாய்ப்பு, கையில் மூன்று மாதம்.

திருப்பம் வந்தது எங்கள் அலுவலகத்தில்தான். ஒரு மதியம், இரண்டு மணி வாக்கில், ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது. அக்கா வழக்கம்போல மெக்கானிக்கின் செல்போனுக்குச் சீட்டு அனுப்பினாள்: "பழைய பேங்க் பில்டிங், ரெண்டாவது, அதே தொந்தரவு."

எங்கள் ஆட்களுக்கு இது போதும். பழைய பேங்க் என்றால் மீன் கடைக்குப் பக்கத்தில் இருப்பது. இரண்டாவது என்றால் பின்பக்க லிஃப்ட். அதே தொந்தரவு என்றால் மழைக்குப் பிறகு கதவுப் பூட்டில் வருகிற துரு. பதினோரு வருடமாக அரை வரியில் பேசிப் பழகிய கூட்டம் இது. நாங்கள் ஒரு முழு வாக்கியம் எழுதினால்தான் அவர்கள் பயந்துபோவார்கள்.

அரை மணி நேரம் ஆகியும் ஆள் போய்ச் சேரவில்லை. உள்ளே இருந்தவர் கொதித்துக்கொண்டிருந்தார். அக்கா மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"எங்கே இருக்கீங்க?"

"பேங்க் பில்டிங்லதான் மேடம். ஆனா இங்கே எல்லா லிஃப்டும் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"எந்த பேங்க்?"

"பழசா இருக்கிற பேங்க். மேடம், கோவிச்சுக்காதீங்க, நான் நேத்துதான் வேலைக்குச் சேர்ந்தேன். வேற ஆபீஸ்ல பத்து வருஷம் பாத்திருக்கேன், வேலை தெரியும். உங்க பில்டிங் ஒண்ணும் எனக்குத் தெரியாது."

"தெரியலன்னா கேக்க வேண்டியதுதானே?"

"கேக்க வெக்கமா இருந்துச்சு மேடம்."

அக்கா அவருக்கு வழி சொல்லி, உள்ளே இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு, எல்லாம் முடிந்தபின் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள். அவரைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். முகம் பளிச்சென்று இருந்தது.

"அதுவும் நேத்து சேர்ந்ததுதான்டி!"

"எது?"

"அந்த ஏஐ. நல்லாப் படிச்ச ஆளு. வேலை தெரியும். ஆனா நம்ம பில்டிங் ஒண்ணையும் பாத்ததில்ல. நான் யாருன்னு தெரியாது, எனக்கு எது வரும் எது வராதுன்னு தெரியாது. தெரியலன்னு சொல்லவும் வெக்கப்படுது, எதையாவது சொல்லி அனுப்பிடுது. அதுகிட்டப் போய் அரை வரில கேட்டா மரக்கதவுக்குத்தான் போகும்."

அன்றைக்கே, உதிரிப் பாகங்கள் வைக்கும் அறையில், இரண்டு அழைப்புகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், கேபிள் சுருள்மேல் உட்கார்ந்து எழுதினாள். வெளியூரிலிருந்து வந்த மெக்கானிக்குக்குச் சீட்டு எழுதுகிற மாதிரி எழுதினாள். பிறகு ரிப்போர்ட்டின் பின்னிணைப்பில் முதல் பக்கமாக வந்தது அதுதான். எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்:

"நான் லிஃப்ட் கம்பெனியில் புகார் எடுக்கிறவள். வயது நாற்பத்தொன்று. பாலிடெக்னிக்கில் பகுதிநேர மாணவி. கட்டுப்பாட்டுச் சுற்றுகள் பாடத்தில் இரண்டு முறை ஃபெயில், இது கடைசி வாய்ப்பு. லிஃப்டில் என்னென்ன பழுது வரும் என்று நன்றாகத் தெரியும். வரைபடம் படிக்க வராது. நான்கு நிறுத்தங்கள் உள்ள லிஃப்டின் பாதுகாப்புச் சுற்றை நான் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேள். விடையைச் சொல்லாதே. நான் தப்பாகச் சொன்னால் எந்த இடத்தில் தப்பு என்று மட்டும் காட்டு, சரியானதை நானே தேடுகிறேன். உனக்கு உறுதியாகத் தெரியாததைத் தெரியாது என்று சொல், வெட்கப்படாதே. ஆரம்பிப்பதற்கு முன், நான் சொல்ல மறந்தது ஏதாவது இருந்தால் கேள்."

அது மூன்று விஷயம் கேட்டது. எந்த வகைக் கதவு, பாடத்திட்டத்தில் எதுவரை, கையில் எத்தனை நாள். அக்கா துள்ளிக் குதித்து வந்து என் மேசையைத் தட்டினாள். "கேக்குதுடி! வாயைத் திறந்து கேக்குது!"

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. தினமும் மதியம் அந்த கேபிள் சுருள். அது கேட்கும், இவள் பதில் எழுதுவாள், தப்பு என்று சொல்லும், இவள் முறைத்துவிட்டு மறுபடி எழுதுவாள். விளக்கம் வழவழவென்று வந்தால் விட மாட்டாள். "நீளம் வேண்டாம். மூன்று வரியில் சொல். நான் பார்த்திராத பொருளை உதாரணம் சொல்லாதே" என்று தட்டுவாள். ஒரு நாள், தான் புரிந்துகொண்டதை அதற்கே விளக்கி எழுதி, "இதில் ஓட்டை எங்கே?" என்று கேட்டாள். ஐந்து ஓட்டை காட்டியது. மறுநாள் அதையே திரும்ப எழுதினாள். இரண்டு ஓட்டை. மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. அன்றைக்கு மெக்கானிக்குகளுக்கெல்லாம் அவள் செலவில் டீ.

வீட்டில் மாமா மாட்டிக்கொண்டார். சாப்பிடும்போது பாதுகாப்புச் சுற்றை அவருக்குப் பாடம் எடுத்தாள். "வரிசையா எட்டு சுவிட்ச். எட்டும் மூடியிருந்தாதான் கரண்ட் கடைசிவரைக்கும் போகும். ஒண்ணு திறந்திருந்தாலும் லிஃப்ட் நகராது. உங்க வேன்ல ஒவ்வொரு கதவும் சரியா மூடினாதான் வண்டி ஸ்டார்ட்டே ஆகும்னு வெச்சுக்கோங்க."

"என் வேன்ல அப்படி வெச்சா ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் போய்ச் சேராது" என்றார் மாமா. ஆனாலும் தட்டைக் கழுவுவதற்குள் எட்டு சுவிட்சையும் வரிசையாகச் சொல்ல வைத்துவிட்டாள். அவர் ஏழு சொன்னார்.

எனக்கு அந்த யந்திரத்தின்மேல் மரியாதை வந்ததைவிட, அக்காமேல் மரியாதை வந்த நாள் ஒன்று உண்டு. மோட்டார் கணக்கு போட்ட நாள். பத்துப் பேர் ஏறும் லிஃப்ட், அறுநூற்று எண்பது கிலோ, நொடிக்கு ஒரு மீட்டர் வேகம், திறன் நூற்றுக்கு அறுபத்தைந்து. மோட்டார் எவ்வளவு கிலோவாட் வேண்டும்? அவள் ஒரு விடை போட்டு, சரியா என்று கேட்டாள். பத்து கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலே. சரி என்று அது தலையாட்டிவிட்டது. படிகளெல்லாம் அழகாக எழுதி, பாராட்டு வேறு.

அக்கா செல்போனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்துபோய் எங்கள் கட்டடங்களின் பதிவு அட்டைகளை எடுத்துப் புரட்டினாள்.

"நம்ம பத்து ஆள் லிஃப்ட் எல்லாத்துலயும் அஞ்சரை கிலோவாட் மோட்டார்தான் இருக்கு. இருபது வருஷமா ஓடுது. பத்து எப்படி வரும்?"

"உனக்குத் தெரியுமா, அதுக்குத் தெரியுமா?" என்றேன் நான்.

"எனக்கு" என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

திரும்ப உட்கார்ந்து எழுதினாள்: "இந்த விடை தப்பு. எங்கள் கம்பெனியில் இதே அளவு லிஃப்டுகள் ஐந்தரை கிலோவாட்டில் ஓடுகின்றன. எனக்குச் சமாதானம் சொல்லாதே. நான் உன்னிடம் எதைச் சொல்ல விட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்."

எதிர் எடையைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லையே என்றது அது. லிஃப்ட் பெட்டிக்கு மறுபக்கம் தொங்குகிற எடை. பெட்டியின் எடையையும் பாதிச் சுமையையும் அதுவே தாங்கிக்கொள்ளும். அப்படியானால் மோட்டார் இழுக்க வேண்டியது மீதிப் பாதியை மட்டும். அக்கா மறுபடி போட்டாள். ஐந்து புள்ளி ஒன்று. அதற்கு ஐந்தரை மோட்டார் சரியாக இருக்கும். அவள் நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டாளே, அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருடம் கேட்டுக்கேட்டுத் தெரிந்துவைத்திருந்தது முதல் தடவையாக அவளுக்குக் கைகொடுத்தது.

கடைசி இரண்டு வாரம் வேறு மாதிரி எழுதினாள். "இன்றிலிருந்து நீ ஆசிரியர் இல்லை. நீ ஒரு கண்டிப்பான தேர்வாளர். ரிப்போர்ட்டை நானே எழுதவில்லை என்று உனக்குச் சந்தேகம். என்னை மடக்கப் பார். தப்பான விஷயத்தைச் சரி மாதிரி சொல்லி, நான் ஒத்துக்கொள்கிறேனா பார். பாராட்டாதே." அது மடக்கியது. முதல் நாள் பத்தில் ஏழில் விழுந்தாள். கடைசி நாள் பத்திலும் நின்றாள். ரிப்போர்ட்டை மட்டும் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தன் கையால் எழுதினாள். அடித்தல் திருத்தலோடு, அழகே இல்லாத பதினான்கு பக்கம். பின்னால் இணைத்த உரையாடல் நூற்றுப் பத்துப் பக்கம்.

தேர்வன்று நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் நடைபாதையைப் பார்த்துத் திறந்திருந்தது. நான் அதற்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். ஒட்டுக்கேட்டேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

அதே தேர்வாளர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர்.

"ஞாபகம் இருக்கும்மா உங்களை. போன தடவை ரிப்போர்ட் பிரமாதம், வாய்தான் திறக்கல. இந்த தடவை என்ன, நூத்திப் பத்து பக்கம் எழுதி வாங்கியிருக்கீங்களா?"

அவர் பேசியது அக்காவிடம். ஆனால் அடி விழுந்தது எனக்கு.

"எழுதி வாங்கல சார். சண்டை போட்டிருக்கேன். பாருங்க" என்றாள் அக்கா.

பக்கங்கள் புரளும் சத்தம். பிறகு அவரே வாசித்தார், கொஞ்சம் மெதுவாக: "'எனக்குச் சமாதானம் சொல்லாதே. நான் உன்னிடம் எதைச் சொல்ல விட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்.'" இன்னும் சில பக்கங்கள் புரண்டன. "மத்தவங்கல்லாம் ஒரே ஒரு பிராம்ப்ட் இணைச்சிருக்காங்க. 'ப்ராஜெக்ட் எழுதிக் கொடு.' இதை யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல சார். எங்க ஆபீஸ்ல புதுசா ஆள் வந்தா இப்படித்தான் சீட்டு எழுதணும்."

"சரி, அது இருக்கட்டும். இங்கே அது கிடையாது. செல்போனை மேசைல வைங்க" என்றார். நாற்காலி நகர்ந்தது. அங்கே ஒரு மாதிரி லிஃப்ட் இருந்தது, ஆள் உயரம், கீழ்த்தளமும் மூன்று மாடியும். "இதுல நான் ஒரு பழுது வெச்சிருக்கேன். பட்டன் அழுத்தினா நகராது. நீங்க பெட்டியைத் தொடக் கூடாது. என்ன பாக்கணும்னு சொல்லுங்க, நான் பாத்துச் சொல்றேன். எத்தனை நிமிஷம் வேணும்?"

தொடக் கூடாது என்றால் மற்ற மாணவர்களுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. எங்கள் அக்கா பதினோரு வருடமாக எதையும் தொடாமல்தான் பழுது கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள்! ஜன்னலுக்குக் கீழே நான் வாயைப் பொத்திக்கொண்டேன், எங்கே சத்தமாகச் சொல்லிவிடுவேனோ என்று.

அவள் குரல் மாறியது. எனக்குத் தெரிந்த குரல், ஹெட்செட் குரல்.

"பெட்டி எந்த மாடில நிக்குது சார்?"

"முதல் மாடி."

"பட்டன் அழுத்தினா உள்ளே டக்குனு ஒரு சத்தம் வருதா?"

அவர் அழுத்தியிருக்க வேண்டும். "இல்ல. சத்தமே இல்ல."

"கரண்ட் விளக்கு எரியுதா?"

"எரியுது."

"அப்போ கரண்ட் வருது, பாதுகாப்புச் சுற்று எங்கேயோ அறுந்திருக்கு. மொத்தம் எட்டு சுவிட்ச். நாலாவதுக்கு அடுத்து மீட்டர் வைங்க சார். நூத்திப் பத்து வோல்ட் காட்டுதா?"

"காட்டுது."

"அப்போ முதல் நாலும் சரி. ஆறாவதுக்கு அடுத்து?"

"ஒண்ணும் இல்ல."

"அஞ்சாவதுக்கு அடுத்து வைங்க."

"நூத்திப் பத்து."

"ஆறாவது சார். ரெண்டாவது மாடிக் கதவுப் பூட்டு."

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் மனிதர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "ரெண்டாவது மாடிக் கதவு மூடித்தானே இருக்கு? கண்ணால பாருங்க."

"நமக்கு மூடின மாதிரி தெரியுது சார். பூட்டுக்குள்ள இருக்கிற சுவிட்ச் தொடல. நடுவுல ஏதாவது அழுக்கு இருக்கும், இல்ல நீங்க எதையாவது சொருகியிருப்பீங்க."

அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. ஒரு துண்டுக் காகிதத்தை உருவி எடுத்துக் காட்டினாராம், பிறகு அக்கா சொன்னாள்.

"கடைசிக் கேள்வி. உள்ளே ஆள் மாட்டியிருக்காங்க, கத்துறாங்க. உங்ககிட்ட ஒரு துண்டு வயர் இருக்கு. அந்தப் பூட்டு சுவிட்சைத் தாண்டி வயரை மாட்டினா லிஃப்ட் ஓடிடும். ரெண்டு நிமிஷ வேலை. மாட்டலாம்தானே?"

சரி மாதிரியே சொன்னார். நானாக இருந்தால் மாட்டுங்கள் என்றிருப்பேன்.

"கூடாது சார்." மேசையில் கை தட்டுப்பட்ட சத்தம் கேட்டது. "வயரை மாட்டினா கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் நகரும். ரெண்டாவது மாடில ஒருத்தர் கதவைத் திறந்து காலை வெச்சா அங்கே பெட்டி இருக்காது. மாட்டிக்கிட்டவங்க கத்தட்டும் சார், கத்துறவங்க உயிரோட இருக்காங்க. அவங்ககிட்டப் பேசிக்கிட்டு, மேலே போய் மெயினை ஆஃப் பண்ணி, பிரேக்கைக் கையால தளர்த்திப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்துதான் இறக்கணும். அரை மணி நேரம் ஆனாலும் அப்படித்தான்."

தேர்வாளர், "உக்காருங்கம்மா. இவ்வளவு நேரம் உங்களை நிக்க வெச்சுட்டேன்" என்றார்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. தேற ஐம்பது வேண்டும். அக்கா எண்பத்தெட்டு. அலுவலகத்தில் ஒரு மெக்கானிக் அதை விசில் அடித்து அறிவித்தார். வழி தெரியாமல் நின்ற அந்தப் புது மெக்கானிக் தன்னால்தான் எல்லாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார், அக்காவும் ஆமாம் ஆமாம் என்றாள். மாமா வேனில் இருந்த பிள்ளைகளையெல்லாம் கைதட்ட வைத்தாராம். நான் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். "என்னை மன்னிச்சுடுக்கா" என்றேன், ஒரு வருடம் தாமதமாக. "போடி, நீ அன்னைக்கு அப்படிச் செய்யாம இருந்திருந்தா நான் அம்பது எடுத்துத் தப்பிச்சிருப்பேன்" என்றாள். மேனேஜருக்கு வேறு வழியில்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்.

அக்கா சூப்பர்வைசராகி நான்காவது நாள். மதியம் மூன்று மணி. என் மேசையில் மணி அடித்தது. ஒரு பெண், தனியாக, குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டடம், லிஃப்ட், மாடி எல்லாம் கேட்டு முழு வாக்கியமாகச் சீட்டு எழுதினேன். அதே தெருவில் இன்னொரு கட்டடத்தின் மெஷின் ரூமில் ஒரு மெக்கானிக்கோடு இருந்தாள் அக்கா. இரண்டு நிமிடத்தில் அங்கிருந்து கிளம்பிவிட்டாள்.

"யாரை அனுப்புறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். "நல்லா வேலை தெரிஞ்சவங்களா? சும்மா யாரையாவது அனுப்பிடாதீங்க, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

பெயரையோ உறவையோ சொல்லக் கூடாது. 'எங்கள் பணியாளர் வந்துகொண்டிருக்கிறார்' என்றுதான் சொல்ல வேண்டும். மேசைக்கு மேலே அச்சடித்து ஒட்டியே வைத்திருக்கிறார்கள்.

"பயப்படாதீங்க மேடம்" என்றேன். "எங்க அக்கா வர்றாங்க."